பூஜ்யம் என்று வந்த பதில்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். தொண்ணூறுகளில் நாங்கள் எழுதிய மருத்துவமனைத் தேடல் மென்பொருளை இந்த வருடத்தோடு நிறுத்திவிட்டுப் புதியதைப் போடுகிறார்களாம். அதற்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர். "நீங்க ஆரம்பத்துலேர்ந்தே இருந்தீங்கன்னு சொன்னாங்க மேம். ஏதாவது இனிமையான அனுபவம் எழுதிக் கொடுங்க. ஜாலியா இருந்தா போதும்," என்றாள். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்தபோது எழுத வந்தது இதுதான். மலரில் இதைப் போட மாட்டார்கள்.

என் பெயர் கமலா. பெங்களூர் அல்சூரில் பிறந்தவள். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். பி.எஸ்ஸி. முடித்ததும் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டருக்கான அட்டையில் துளை போடும் வேலைக்குப் போனேன். அட்டை போய் நாடா வந்தது, நாடா போய் திரை வந்தது. ஒவ்வொன்றையும் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். தொண்ணூற்றொன்றில் அந்த வேலையை விட்டுவிட்டு, கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த மென்பொருள் கம்பெனியில் புரோகிராமராகச் சேர்ந்தேன். அப்போது மொத்தமே ஆறு அறைகள். வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடம் எல்லாம் பின்னால் வந்தவை.

எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் நகரத்துக்குள் இருந்த ஒரு மருத்துவமனை. அதன் பெயர் இங்கே வேண்டாம். லட்சக்கணக்கான பழைய நோயாளிகளின் கார்டுகள் அங்கே ஒரு நீளமான அறையில் அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் கார்டுகளில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயரைத் தட்டினால் கார்டு எண் வரும்படி செய்வதுதான் எங்கள் வேலை.

கேட்க எளிதாக இருக்கும். பெங்களூரில் அது எளிது இல்லை. ஒரே லட்சுமி ஒரு தடவை லக்ஷ்மி என்று வருவாள், அடுத்த தடவை லட்சுமம்மா என்று வருவாள். தமிழ்க்காரர் அப்பா பெயரை முதலெழுத்தாகப் போடுவார், கன்னடக்காரர் ஊர்ப் பெயரைப் போடுவார். சிவாஜிநகர் பாயம்மா ஒருத்திக்கு நான்கு கார்டுகள் இருந்தன, நான்கிலும் நான்கு எழுத்துக்கூட்டல். அதனால் எழுத்து மாறினாலும் ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கிற ஒரு தேடுபொறியை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிடமிருந்து வாங்கினோம். பெயர்களும் கார்டு எண்களும் அதற்குள்ளே கிடக்கும். எங்கள் நிரல் அதைக் கேள்வி கேட்கும், அது பதில் சொல்லும்.

பதில் ஓர் எண்ணாக வரும். மூன்று பேர் கிடைத்தால் மூன்று. யாருமே கிடைக்காவிட்டால் பூஜ்யம். தேடவே முடியாமல் போனால், அதாவது உள்ளே ஏதோ வேலை நடந்து கதவு பூட்டியிருந்தால், மைனஸ் ஒன்று. மைனஸ் ஒன்று வந்தால் எங்கள் திரையில் சிவப்பு எழுத்தில், "தேட முடியவில்லை, சற்றுப் பொறுத்து முயலவும்" என்று வரும். பூஜ்யம் வந்தால் "பதிவு இல்லை" என்று வரும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.

என் மேலதிகாரி மூர்த்தி சார். மைசூர்க்காரர், ஆனால் என்னிடம் தமிழில்தான் பேசுவார், இடையிடையே கன்னடம் கலக்கும். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. மேசையில் ஒரு பென்சில், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு கிளாஸ் தண்ணீர், இவ்வளவுதான் இருக்கும். எந்த விஷயமானாலும் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்றால் எழுதியவருக்கே புரியவில்லை என்பது அவர் கட்சி. கொடுத்த காகிதத்தை ஜன்னல் பக்கம் நின்று படிப்பார். பிடிக்காத வரியின் மேல் ஸ்கேலை வைத்து மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். முடியாது என்று வாயால் சொல்ல மாட்டார். அந்தக் கோடு கொஞ்சம்கூடக் கோணலாக இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரை நல்ல மனிதர் என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன்.

இரண்டாயிரம் வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்த பழைய தேடுபொறி இரண்டாயிரத்துக்குப் பிந்திய தேதிகளைப் புரிந்துகொள்ளாது என்று வெளிநாட்டுக் கம்பெனி கைவிரித்தது. புதிய பதிப்புக்கு மாறியே ஆக வேண்டும். புதிய பதிப்போடு, என்னென்ன மாறியிருக்கிறது என்று தடிமனாக ஒரு கையேடும் வந்தது. அதைப் படித்து எங்கள் நிரல்களில் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று எழுதும் வேலை எனக்கு வந்தது.

ஒரு வாரம் வேறு வேலை பார்க்காமல் அதைப் படித்தேன். கேள்வி கேட்கும் முறை மாறியிருந்தது. சில கேள்விகளுக்குப் பெயரே மாறியிருந்தது. அதெல்லாம் பயப்பட வேண்டிய மாற்றங்கள் இல்லை. பெயர் மாறினால் நிரல் ஓடவே ஓடாது, உடனே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருந்தது. இனி மைனஸ் ஒன்று வராது. தேட முடியாமல் போனாலும் பூஜ்யம்தான் வரும். ஏன் முடியவில்லை என்பதைத் தனியாக இன்னொரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் நிரல்கள் அந்த இன்னொரு கேள்வியைக் கேட்பதே இல்லை. அப்படியொன்று முன்பு கிடையாது. மாற்றாமல் விட்டால் நிரல் நிற்காது, தகராறு செய்யாது. ஓடிக்கொண்டே இருந்து பொய் சொல்லும்.

பதினொரு மாற்றங்களை மூன்று பக்கத்தில் எழுதி மூர்த்தி சாரிடம் கொண்டுபோனேன். பூஜ்யம் பற்றிய இந்த மாற்றம் ஒன்பதாவது.

"எத்தனை பக்கம் கமலா?"

"மூணு சார்."

"ஒண்ணாக்கிக் கொண்டு வா."

"எதை எடுக்கறதுன்னு தெரியல சார். நீங்களே பாருங்க."

ஜன்னல் பக்கம் போனார். ஐந்தாவதில் நின்றார். பழைய தேடுபொறி அன்றைக்குச் சேர்ந்த புதிய பெயர்களை வேலை நேரம் முடிந்த பிறகுதான் தன் அட்டவணையில் ஏற்றும். புதியது மணிக்கு ஒருமுறை, பகலிலேயே ஏற்றிக்கொள்ளும். "இது நல்லா இருக்கே. ஆஸ்பத்திரிக்காரங்களுக்குப் பிடிக்கும். இதை மேல போடு," என்றார். பிறகு ஸ்கேலை எடுத்தார். ஆறு, எட்டு, ஒன்பது.

"ஒன்பதை எடுக்க வேண்டாம் சார். தேட முடியலன்னாலும் இல்லைன்னே காட்டும்."

"மைனஸ் ஒன் எத்தனை தடவை வந்து பார்த்திருக்கே?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை. மூணு தடவை."

"நோடு, இங்க பாரு. ரெண்டு தடவை வர்றதுக்காக எல்லா ஸ்கிரீனையும் திறக்கணும், எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணணும். மூணு வாரம் போயிடும். ஆஸ்பத்திரி டைரக்டர்கிட்ட தேதி சொல்லியாச்சு. சும்னே ஏன் பயப்படறே? அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

ஒருமுறை சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. ஐந்தாவதையும் ஒன்பதாவதையும் பக்கத்தில் வைத்து யோசிக்கவும் இல்லை. மணிக்கு ஒருமுறை அட்டவணையில் ஏற்றும் அந்தச் சில நிமிடங்கள் கதவு பூட்டியிருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை நடந்தது இனி ஒரு நாளில் எட்டு தடவை நடக்கும். அவருக்கு அது தோன்றவில்லை, அவர் கையேட்டைப் படிக்கவில்லை. நான் படித்திருந்தேன். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சோதனைக்கு எங்களிடம் நாற்பது பெயர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. பதிவில் இருக்கிற பெயர்கள், இல்லாத பெயர்கள், எழுத்து மாறிய பெயர்கள். புதிய பதிப்பில் எல்லாம் சரியாக வந்தன. முன்பைவிட வேகமாக வந்தன. கதவு பூட்டியிருக்கும்போது கேட்டால் என்ன ஆகும் என்ற வரி அந்தப் பட்டியலில் கிடையாது. அதைச் சேர்க்கலாமா என்று நினைத்துவிட்டு, கோடு போட்டாகிவிட்டதே என்று விட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினோம். திங்கட்கிழமை டைரக்டர் எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு அனுப்பினார்.

மூன்று வாரம் போயிருக்கும். மருத்துவமனையின் பதிவு கவுன்டரில் இருந்த ஞானப்பிரகாசம் தொலைபேசியில் கூப்பிட்டார். சிவாஜிநகர் தமிழர், சர்ச் தெருப் பக்கம் வீடு. கார்டு அறையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, கம்ப்யூட்டர் வந்ததும் கற்றுக்கொண்டு கவுன்டருக்கு வந்தவர். நிதானமான ஆள்.

"மேடம், பழைய பேஷன்ட்டுங்க சில பேரு இல்லைன்னு வருது. அவுங்க முன்னாடியே வந்திருக்கேன்றாங்க, பொட்டி இல்லைன்னுது."

"பேரை வேற மாதிரி அடிச்சுப் பாத்தீங்களா பிரகாசம்?"

"அடிச்சேன். சில பேருக்கு அப்புறம் வருது."

"பாத்தீங்களா. ஸ்பெல்லிங்தான். இனிமே இல்லைன்னு வந்தா, எழுத்தை மாத்தி இன்னொரு தடவை அடிங்க."

"சரி மேடம். ஆனா மொத தடவையே நான் சரியாத்தான் அடிச்சேன்னு தோணுது."

"அவசரத்துல கை தவறியிருக்கும்."

அவர் இன்னொரு முறை அடிக்கும்போது இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் கதவு திறந்திருக்கும். பெயர் கிடைக்கும். எழுத்தை மாற்றியதால்தான் கிடைத்தது என்று அவர் நினைத்துக்கொள்வார். நானும் அப்படியே நினைத்தேன். புகார்ப் புத்தகத்தில் அந்த அழைப்பைப் பதிந்து, எதிரே "பயன்படுத்துபவர் தவறு" என்று எழுதி மூடினேன். அது என் கையெழுத்து.

செல்வி என்ற பெண் அந்த மருத்துவமனைக்கு வந்தது அதற்கு இரண்டு வாரம் கழித்து. முப்பது வயது இருக்கும். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. பிறந்த வீடு கண்டோன்மென்ட் பக்கம் என்பதால் உடம்புக்கு முடியவில்லை என்றால் இங்கேதான் வருவாள். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே மருத்துவமனையில் சல்ஃபா மாத்திரை கொடுத்து, ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் கொப்பளித்து, பிழைத்ததே பெரிதாகப் போயிருந்தது. அவளுடைய பழைய கார்டில் பெரிய டாக்டர் சிவப்பு மையில், சல்ஃபா எந்த வடிவத்திலும் கொடுக்கக் கூடாது என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதையே எழுதி அவள் கையில் கொடுத்த சீட்டு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது.

காய்ச்சல், நீர்க்கடுப்பு என்று வந்தாள். பிரகாசம் பெயரைத் தட்டினார். பதிவு இல்லை என்றது. வரிசை வாசல்வரை நின்றது. புதுக் கார்டு போட்டார். உள்ளே இருந்த டாக்டர் சின்னவர். தனக்கு ஏதோ மாத்திரை ஆகாது என்று அவள் சொன்னாள். எந்த மாத்திரை என்றார். பெயர் தெரியாது, கார்டில் இருக்கிறது என்றாள். கார்டு புதிது, வெள்ளையாக இருந்தது. அவர் சல்ஃபா எழுதினார். வேறு கம்பெனி, வேறு நிறம். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

நான்காம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தோல் உரிந்துவிட்டது. அது ஆறியது. கண்கள் ஆறவில்லை.

பழைய கார்டு அலமாரியில் கிடைத்ததும் மருத்துவமனையில் கலவரம். விசாரணை வைப்பதென்று முடிவாயிற்று. அதற்கு முந்தின நாள், கம்ப்யூட்டரில் ஏன் வரவில்லை என்று பார்த்துவர மூர்த்தி சார் என்னை அனுப்பினார். நான் போய்ச் செல்வி என்று தட்டினேன். வந்தது. செல்வீ, செல்வ்வி, சேல்வி, எல்லாவற்றுக்கும் வந்தது. பிரகாசம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் சரியா அடிச்சேன் மேடம். ஆனா இப்ப நீங்க அடிச்சா வருதே."

"வேற யாருக்காவது இப்படி ஆச்சா?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். இல்லை என்று வந்து, பின்னால் பழைய கார்டு கிடைத்தவர்களின் பெயர்களை வாங்கி எழுதி வைத்திருந்தார். பதினான்கு பேர். நான் ஸ்பெல்லிங் என்று சொன்ன பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை போல. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புதுக் கார்டின் எண்ணைக் குறித்திருந்தார்.

அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பார்க்காமல் திரும்ப முடியவில்லை. செல்வியின் கண்களுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். புருஷன் கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன்.

"கவுண்டர்ல இருந்த அண்ணனைத் திட்டறாங்களாமே," என்றாள் செல்வி. "அவரு மேல தப்பு இல்லக்கா. முன்னாடி இங்க வந்திருக்கேன்னு நான் சொன்னேன். அவரு திரும்பத் திரும்ப பேரைக் கேட்டு, என் எதிர்க்கதான் அடிச்சாரு. பொட்டி இல்லைன்னுச்சு. அவரு இன்னா பண்ணுவாரு?"

அவள் என் கையைத் தேடினாள். நான் கொடுக்கவில்லை என்று நினைவு. கொடுத்திருக்கலாம்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அந்தப் பதினான்கு கார்டுகளின் விவரத்தையும் எடுத்தேன். ஒவ்வொரு கார்டிலும் அதைப் போட்ட நேரம் அச்சாகியிருக்கும். ஒன்பது மணி மூன்று நிமிடம். பத்து மணி ஒரு நிமிடம். பதினொன்று ஐந்து. ஒன்பது நான்கு. பதினான்கும் மணி அடித்து ஆறு நிமிடத்துக்குள். செல்வியின் கார்டில் பத்து மணி இரண்டு நிமிடம். கை தவறுவதற்கும் எழுத்து பிசகுவதற்கும் நேரக்கணக்கு கிடையாது. இயந்திரத்துக்குத்தான் உண்டு.

சோதனைக் கம்ப்யூட்டரில் அட்டவணையை ஏற்றச் சொல்லிவிட்டு, அது ஏற்றிக்கொண்டிருக்கும்போதே செல்வி என்று தட்டினேன். பதிவு இல்லை. மூன்று நிமிடம் பொறுத்து அதே எழுத்தில் மறுபடி தட்டினேன். வந்தது.

மூர்த்தி சார் அறைக்குப் போனபோது மாலை ஐந்து மணி. காகிதம் எதுவும் கொண்டுபோகவில்லை. வாயால் சொன்னேன். ஐந்தாவது, ஒன்பதாவது, பதினான்கு கார்டுகள். அவர் ஜன்னலுக்குப் போகவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்.

"இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"அட்டவணை ஏத்தறதைப் பழையபடி வேலை நேரத்துக்கு அப்புறம் மாத்திடலாம். அது உடனே முடியும். பதிவு ஸ்கிரீன்ல ரெண்டாவது கேள்வியையும் சேர்த்துடறேன்."

"இன்னிக்கே பண்ணிடு."

"பண்றேன் சார். நாளைக்கு விசாரணையில?"

தண்ணீர் கிளாஸை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். "நாளைக்கு என்ன கேக்கறாங்களோ அதுக்குப் பதில் சொல்லு. கேக்காததுக்கு நீயா பதில் சொல்லாதே. இங்க அறுபது பேர் வேலை செய்யறாங்க கமலா. இந்த ஒரு ஆஸ்பத்திரியைக் காட்டித்தான் இன்னும் நாலு ஆஸ்பத்திரியைப் பிடிக்கப் போறோம். நீ கெட்டவ இல்ல, நானும் கெட்டவன் இல்ல. அந்தப் பொண்ணுக்கு வைத்தியம் எல்லாம் ஆஸ்பத்திரியே பாத்துக்கும்."

"பிரகாசம்?"

"அவனுக்கு ஒரு வார்னிங் கொடுப்பாங்க. அவ்வளவுதான்."

அவர் அதை நம்பித்தான் சொன்னாரா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நான் நம்ப விரும்பினேன். அப்பா படுத்த படுக்கையில் இருந்தார். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்தி. இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். அன்றைக்கு எனக்குள் இருந்தது பயம் மட்டும்தான். ஒன்பதாவது மாற்றத்தை எழுதியது நான், அதைப் போராடிக் காப்பாற்றாமல் விட்டதும் நான், புகார்ப் புத்தகத்தில் பயன்படுத்துபவர் தவறு என்று எழுதியதும் நான். பேசினால் முதலில் என் பெயர்தான் வரும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மருத்துவமனை டைரக்டர் அறையில் விசாரணை. நீளமான மேசை. நடுவில் ஒரு மூத்த டாக்டர், இரண்டு பக்கமும் நிர்வாகத்தினர். பிரகாசம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"இல்லைன்னு வந்தா எழுத்தை மாத்தி இன்னொரு தடவை அடிக்கணும்னு உங்களுக்குச் சொல்லியிருந்தாங்களா?" மூத்த டாக்டர் கேட்டார்.

"சொன்னாங்க சார்."

"யார்?"

"கமலா மேடம்."

"இந்தப் பேஷன்ட்டுக்கு அப்படி அடிச்சீங்களா?"

"கூட்டம் ஜாஸ்தி சார். அடிக்கல."

"மொதல் தடவை சரியா அடிச்சீங்கன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. தெரிந்தவளிடம் கேட்பது போல இருந்தது. நான் மேசையைப் பார்த்தேன். அவருடைய நோட்டு என்னிடம்தான் இருந்தது.

"உறுதியாச் சொல்ல முடியல சார். கை தவறியிருக்கலாம்."

அது என் வாக்கியம். தொலைபேசியில் நான் சொன்னதை அவர் தன் வாயால் திருப்பிச் சொன்னார்.

பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "உங்க சிஸ்டம் சரியா வேலை செய்யுதா?"

"செய்யுது சார்," என்றேன். முந்தின நாள் மாலை ஏழு மணிக்குச் சரிசெய்துவிட்டிருந்தேன். என் பதிலில் பொய் இல்லை. இதைவிடப் பெரிய பொய்யை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

மூர்த்தி சார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "நல்லாப் பேசினே," என்றார்.

வார்னிங் இல்லை. பிரகாசத்தை வேலையிலிருந்து நீக்கினார்கள். வேண்டுமென்றே அலட்சியம் என்று உத்தரவில் எழுதினார்களாம். செல்விக்கு ஒரு கண் முழுக்கப் போயிற்று. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் தெரியும் என்று கேள்விப்பட்டேன். பேக்கிங் வேலைக்கு அது போதாது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

மூர்த்தி சார் சொன்ன நாலு ஆஸ்பத்திரியும் கிடைத்தன. அடுத்த பதிப்பு வந்தபோது, மாற்றங்களை ஆராயும் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள். நான் ஒரு பக்கத்தில் எழுத மறுத்தேன். முப்பது பக்கம் எழுதினேன். யாரும் கோடு போடவில்லை. என் கண்டிப்பைப் பற்றி ஜூனியர்கள் கதை சொல்வார்கள். பூஜ்யம் வந்தால் ஏன் வந்தது என்று கேட்காத நிரலை நான் கிழித்துப் போடுவேன் என்பார்கள். கமலா மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட் என்று சிரிப்பார்கள். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வைட்ஃபீல்டுக்கு மாறினோம். கம்பெனி பஸ்ஸில் போய் வந்தேன். ஓய்வு பெற்ற அன்று மூர்த்தி சார்தான் சால்வை போட்டார். அப்போது அவர் வைஸ் பிரசிடென்ட். கமலாவைப் போல நம்பகமான ஆளைப் பார்த்ததில்லை என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த வருடங்களில் நான் சிவாஜிநகர் பக்கம் போனதே இல்லை. பிரகாசம் அங்கே ஒரு துணிக்கடையில் இருக்கிறார் என்று மருத்துவமனை ஆள் ஒருவர் சொல்லியிருந்தார். தங்கை கல்யாணத்துக்குக்கூடப் புடவையெல்லாம் வேறு இடத்தில்தான் எடுத்தேன்.

ஓய்வு பெற்று இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் எழுதினேன். தேடுபொறியின் புதிய பதிப்பில் இருந்த மாற்றம் என்ன, அதை எங்கள் கம்பெனி ஏன் கவனிக்காமல் விட்டது, பதினான்கு கார்டுகளின் நேரங்கள், ஞானப்பிரகாசம் பெயரைச் சரியாகத்தான் தட்டினார் என்பது, எல்லாம் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை காலை சிவாஜிநகருக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குறுகலான கடை. பிரகாசம் மேசைக்குப் பின்னால் சட்டைத் துணி அளந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க மேடம். உக்காருங்க. டீ சொல்லவா?"

வேண்டாம் என்று கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மெதுவாகப் படித்தார். சில இடங்களில் திரும்பிப் போய்ப் படித்தார். கார்டு நேரங்கள் இருந்த இடத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அப்போ நான் சரியாத்தான் அடிச்சிருக்கேன்."

"ஆமா."

"இத்தினி வருஷமா நான் தப்பா அடிச்சேன்னே நெனச்சிட்டிருந்தேன் மேடம். பெசகி அடிச்சு ஒரு பொண்ணு கண்ணைக் கெடுத்துட்டேன்னு. சர்ச்சுல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம்கூட பண்ணிட்டேன், அதுக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபம் இல்லை. "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

கடிதத்தில் அது இல்லை. எழுதும்போதே தெரிந்துதான் விட்டிருந்தேன். பிற்பாடு தெரியவந்தது என்று பொதுவாக ஒரு வரி எழுதியிருந்தேன்.

"விசாரணைக்கு முந்தின நாள்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்கு வந்த ஒருவர் லுங்கி விலை கேட்டார். பிரகாசம் பதில் சொல்லாததால் அவர் போய்விட்டார்.

"நான் உங்களைத்தான் பாத்தேன் அன்னிக்கி."

"தெரியும்."

கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"இதுல அது இல்லையே மேடம். அதையும் எழுதிக் குடுங்க."

துணி அளக்கும் மேசையில் நின்றபடியே, பிற்பாடு தெரியவந்தது என்ற வரியை அடித்துவிட்டு, விசாரணைக்கு முந்தின நாள் மாலையே இது எனக்குத் தெரியும் என்று எழுதினேன். எனக்கு நேர்கோடு போட வரவில்லை. அவர் படித்துப் பார்த்தார். தேதியையும் போடச் சொன்னார். போட்டேன். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அளந்து பாதியில் விட்டிருந்த துணியை மறுபடி எடுத்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நான் வந்துவிட்டேன்.